வெள்ளி இரவுக்கு அறை இல்லை

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நாம் விட்டுவந்த இடத்தில் சூட்கேஸ் இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் கிடந்தது. உள்ளே இரண்டு ஸ்வெட்டர், ஒரு மூட்டுவலித் தைலம், பெரியவளுக்காக வாங்கிவிட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகாத ஒரு ஜோடி கம்மல். வியாழக்கிழமை காலை ஏழு மணி. கல்யாணம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு, கடல் தாண்டி.

நடுவில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கதை சுருக்கமாக இதுதான்.

வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் டைம்டேபிள் போடுகிறவர். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். வீட்டுக்காரி பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவுக்குப் பொறுப்பாளர். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் லாண்டரி அக்கா, நமக்கும் அப்படியே இருக்கட்டும். பெண்கள் இரண்டு. பெரியவள் பிரெஞ்சு பேசுகிற ஒரு பழைய நகரத்துக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலை தேடிக்கொண்டவள். ஐந்து வருஷத்துக்கு முன் விடுமுறைக்கு வந்தவள், "அப்பா, உங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். முதல் விஷயம், அவள் ஒருவனை விரும்புகிறாள், அவன் அந்த ஊரில் ட்ராம் ஓட்டுகிறான்.

இரண்டாவது விஷயத்துக்கு அப்பா இடமே கொடுக்கவில்லை.

"நாள் முழுக்க டிரைவருங்களோட மல்லுக்கட்டுறவன் நான். ராத்திரி எது பகல் எதுன்னு தெரியாத பொழப்பு அது. அதுல போய் விழப்போறியா? அப்படின்னா இந்த வாசப்படிய மிதிக்காதே."

அவள் அன்று மாலையே கிளம்பிவிட்டாள். கடிகாரம் வாசல்வரைகூட வரவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். அதுவும் தெருவில் நடந்துகொண்டு, ட்ராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டு. வீட்டுக்குள்ளிருந்து ஒருநாளும் பேசியதில்லை. இப்போது அந்த ட்ராம்காரனையே கட்டிக்கொள்ளப் போகிறாள். அழைப்பிதழில் அச்சடித்த பிரெஞ்சு எழுத்துகளுக்குக் கீழே, கையால் தமிழில் ஒரே வரி எழுதியிருந்தாள்: அப்பாவும் வரணும்.

கடிகாரம் அதைப் படித்தார். மறுநாள் டிராவல்ஸ் கடைக்குப் போய், கையில் இருந்த பணத்துக்குத் தனக்கும் அக்காவுக்கும் மட்டும் விமான டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு மறுநாள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, பயணத்துக்கு ஓர் அட்டவணை தயாரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. அட்டவணை வரும். அதை அக்கா புரிந்துகொண்டாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் அல்லவா.

"எல்லாரும் கவனிங்க," என்றார் அவர், டீயைக் கையில் வைத்துக்கொண்டு. டெப்போவில் புது டிரைவர்களுக்கு ரூட் சொல்லுகிற அதே குரல். "நாளைக்கு, வெள்ளி. இருபது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புறோம். இருபத்து நாலு முப்பத்தஞ்சுக்கு பிளேன். சனி காலைல ஆறு அம்பதுக்கு இறங்குறோம். ஏழு நாப்பதுக்கு ரயில். ஒம்பது நாப்பதுக்கு ஊரு. விடுதியில பெட்டியப் போட்டுட்டு முகம் கழுவினா, பதினோரு மணிக்கு மண்டபம்."

"மூச்சு விட எத்தனை நிமிஷம் போட்டிருக்கீங்கப்பா?" என்றாள் சின்னவள். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கொடுக்கிறவள். அப்பாவிடம் இப்படிப் பேச அவள் ஒருத்திக்குத்தான் உரிமை.

"சிரிக்காதே. ராத்திரி பூரா பிளேன்லயே தூங்கிடுறோம் பாரு, வெள்ளி ராத்திரிக்கு ரூம் வாடகை மிச்சம்."

இருபத்து நாலு முப்பத்தைந்து என்றால் யாரும் முழிக்க வேண்டாம். டெப்போவில் ஒரு நாள் என்பது விடிகாலை முதல் பஸ் கிளம்புவதில் ஆரம்பித்து, கடைசி பஸ் உள்ளே வந்து நிற்பதில் முடியும். அந்தக் கடைசி பஸ் நடு இரவு தாண்டிப் பன்னிரண்டரைக்கு வந்தாலும் அது அன்றைய பஸ்தான். அதனால் அவர்கள் பன்னிரண்டரை என்று எழுதுவதில்லை, 24:30 என்றுதான் எழுதுவார்கள். அந்த வீட்டில் பால்கணக்குகூட அப்படித்தான் போகும், பழகிவிட்டது.

விடுதி தேடியது மட்டும் அக்காவின் ராஜ்ஜியம். மூன்று வாரமாகச் சின்னவளின் மடிக்கணினியை மடியைவிட்டு இறக்கவில்லை. அந்த ஊர் கோட்டைச் சுவருக்குள் மேல் ஊர், மலையடியில் கீழ் ஊர் என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேலே இருக்கிற ஹோட்டல்களின் வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். கீழே இருப்பவற்றுக்கு ஏகப்பட்ட படி, கடிகாரத்தின் முழங்கால் தாங்காது. மற்றவர்கள் எல்லாம் ஜன்னலையும் காட்சியையும் பார்ப்பார்கள், அக்கா படத்தைப் பெரிதாக்கிக் கட்டில் விரிப்பைப் பார்ப்பாள்.

"இது வேணாம். தலையணை உறை பழுப்பேறிக் கிடக்கு, வெளிச்சத்தைக் கூட்டிப் படம் எடுத்திருக்கான், திருடன்."

கடைசியில் கன்னியாஸ்திரீகள் இருந்த ஒரு பழைய மடத்தை விடுதியாக மாற்றியிருந்ததைக் கண்டுபிடித்தாள். இரும்புக் கட்டில் இரண்டு, குளியலறை பொது. ஆனால் விரிப்பின் ஓரத்தை இரட்டை மடிப்பாக மடித்துத் தைத்திருந்தார்கள். துணியை அந்த அளவுக்கு மதிக்கிறவர்கள் மனிதர்களையும் மதிப்பார்கள் என்பது அவள் கட்சி. மண்டபத்துக்கு நடந்து எட்டே நிமிஷம். சனி முதல் நான்கு இரவு, பணம் கட்டியாகிவிட்டது, திருப்பி வாங்க முடியாது.

சின்ன வருத்தம் ஒன்று மட்டும் அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. "எங்க வீடு சின்னதும்மா. நீங்க ஹோட்டல்லயே தங்கிக்கோங்க" என்று பெரியவள் சொன்னது. பெற்றவளுக்கு ஒரு பாய் விரிக்கக்கூடவா இடமில்லை? கேட்கவில்லை. கேட்டால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

*

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பதினோரு மணிக்கெல்லாம் ஆவி மண்டிவிடும். ஆறு எந்திரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. நாளையிலிருந்து லீவு என்பதால், யார் யார் எதை எதைச் சொதப்பக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்துத் திட்டிக்கொண்டிருந்தாள் அக்கா.

"அக்கா, லீவு லெட்டரோட டிக்கெட் நகல் வைக்கணுமாம். ஆபீஸ்ல கேக்குறாங்க," என்றாள் மடிக்கிற மேசையில் நின்ற பெண்.

"பையில இருக்கு, எடுத்துத் தர்றேன். அதுக்குள்ள அந்த ராத்திரிச் சீட்டுங்களக் கொண்டா, கையெழுத்துப் போட்டுடறேன்."

வார்டுகளிலிருந்து இரவில் வருகிற அழுக்குத் துணிக்கு மூட்டைக்கு ஒரு சீட்டு. அக்கா இடதுகையில் டிக்கெட் நகலை வைத்துக்கொண்டு வலதுகையால் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். நாலாவது சீட்டில் பேனா நின்றது.

பிரசவ வார்டு. விரிப்பு பன்னிரண்டு. நேரம் 00:20. தேதி 16, வியாழன்.

"ஏம்மா, இந்த மூட்டை எப்ப வந்துச்சு?"

"நேத்து ராத்திரிதான் அக்கா. பன்னெண்டு மணிக்கு மேல."

"நேத்து புதன்கிழமைதானே?"

"ஆமா, ஆனா பன்னெண்டு தாண்டிடுச்சுல்ல? நீங்கதானே சொல்லுவீங்க, பன்னெண்டு அடிச்சா தேதிய மாத்திடுங்கடின்னு."

ஆமாம், அவள்தான் சொல்லுவாள். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறப்பதும் ஆள் போவதும் அந்தக் கணக்கில்தான். ஒரு நிமிஷம் தப்பினாலும் பிறந்தநாள் மாறிவிடும்.

அக்கா இடதுகையைப் பார்த்தாள். டிக்கெட்டில் 24:35 என்று இல்லை. அது அவள் வீட்டு ஃபிரிட்ஜில் மட்டும்தான் இருந்தது. டிக்கெட்டில் இருந்தது இது: 17, வெள்ளி, 00:35.

முதலில் ஒன்றும் ஏறவில்லை. சீட்டையும் டிக்கெட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். நேற்று ராத்திரி வந்த மூட்டைக்கு இன்றைய தேதி. அப்படியென்றால் நாளைய தேதி போட்ட விமானம்?

இன்று ராத்திரி.

"தண்ணி குடு" என்றவள், கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். புருஷனுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை நேரத்தில் அவர் போன் மேசை டிராயரில் கிடக்கும், அது அவர் சட்டம். மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் படியேறி ஓடினாள். முழங்கால் வலி என்று கடிகாரம் ஒருவர்தான் புலம்புவார், அவளுக்கும் உண்டு. அன்று அது ஞாபகம் வரவில்லை.

*

டெப்போவில் டைம்டேபிள் அறை முதல் மாடியில். நான்கு சுவரிலும் கட்டம் கட்டமாகத் தாள்கள். ஜன்னல் வழியே கீழே பஸ்கள் கழுவப்படுவது தெரியும். வாசலில் ஒரு டிரைவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், ஒரே ஒரு நாள் லீவு சார்" என்று கெஞ்சிக்கொண்டு நின்றார்.

"முடியாது. முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்று தலையைத் தூக்காமலே சொன்ன கடிகாரம், டிரைவருக்குப் பின்னால் ஏப்ரனோடு மூச்சிரைக்க நின்ற பெண்டாட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்ன? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. பிளேன் எப்பங்க?"

"இதைக் கேக்கவா ஓடி வந்தே? வெள்ளி ராத்திரி. இருபத்து நாலு முப்பத்தஞ்சு."

"இல்லீங்க. இன்னிக்கு ராத்திரி."

அவர் சிரித்தார். சிரிப்பது அபூர்வம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"முப்பத்தோரு வருஷமா டைம்டேபிள் போடுறேன். எனக்கு நீ மணி பாக்கக் கத்துத் தர்றியா?"

"கத்துத் தரல. இதைப் படிங்க." சீட்டை மேசையில் வைத்தாள். "நேத்து ராத்திரி வந்த துணி. நேத்து ராத்திரி. என்ன தேதி போட்டிருக்கு?"

"பதினாறு. அதுக்கு என்ன இப்போ?"

"இது டிக்கெட்டு. என்ன தேதி போட்டிருக்கு?"

"பதினேழு. வெள்ளி. அதைத்தான் நானும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"ஊர் உலகத்துல பன்னெண்டு அடிச்சா நாள் மாறிடுதுங்க. உங்க டெப்போல மட்டும்தான் மாற மாட்டேங்குது. பிளேன் என்ன, உங்க டெப்போலேருந்தா கிளம்புது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். அங்கே எல்லாம் சரியாகவே இருந்தது, இருபத்து நாலு பத்து, இருபத்து நாலு இருபது, இருபத்து நாலு நாற்பது. முப்பத்தோரு வருஷமாக அவர் கை தானாக மாற்றி எழுதிப் பழகிய எண்கள். கடையில் வாங்கிய டிக்கெட்டைத் தன் தாளில் எடுத்து எழுதும்போதும் கை அதையேதான் செய்திருக்கிறது: 00:35-ஐ 24:35 ஆக்கிவிட்டு, வெள்ளியை மட்டும் வியாழன் ஆக்காமல் விட்டிருக்கிறது. தப்பு என்று தெரிந்து செய்தால் திருத்திக்கொள்ளலாம். இது ஒழுங்கு என்று நினைத்துச் செய்தது.

நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தைப் பார்த்து அக்காவுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பயம் மட்டும் இறங்கவில்லை.

"சார்," என்றார் வாசலில் டிரைவர், போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல். "அந்த லீவு..."

"எடுத்துக்கோ," என்றார் கடிகாரம்.

அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சார் உடம்புக்கு முடியலையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறைந்துவிட்டார்.

*

மூன்று மணிக்கு மூவரும் வீட்டில் இருந்தார்கள். எட்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். சூட்கேஸில் அக்கா கைக்கு வந்ததையெல்லாம் திணித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மேசையில் மடிக்கணினி, காதில் போன். கடிகாரம் அவள் எதிரில் உட்கார்ந்து, எழுதாத பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

விமானத்தைப் பற்றிக் கவலை இல்லை. அதுதான் தெரிந்துவிட்டதே. கவலை எல்லாம் வெள்ளிக்கிழமையைப் பற்றி. அந்த ஊரில் வெள்ளி காலையிலேயே போய் இறங்குவார்கள். விடுதியில் அறை சனி முதல்தான்.

சின்னவள் மடத்து விடுதிக்காரியிடம் ஆங்கிலத்தில் பேசினாள், கெஞ்சினாள், பின் போனை வைத்தாள்.

"வெள்ளி ராத்திரி மட்டும் ஒரு ரூம்கூட இல்லையாம்மா. பாட்டுக் குழு ஒண்ணு வருதாம், நாப்பது பேரு. மொத்த மடத்தையும் எடுத்துட்டாங்களாம். பெட்டிய வேணா காலைலயே வெச்சுக்கலாம்னு சொல்றாங்க."

"பெட்டி படுத்துக்கும். நாம எங்க படுக்குறது?" என்றாள் அக்கா.

"கீழ் ஊர்ல அந்தப் படி ஹோட்டல் பாரு," என்றார் கடிகாரம்.

"பாத்துட்டேன். இல்ல."

"ஸ்டேஷன் பக்கத்துல?"

"இல்லப்பா. வார கடைசி. அந்த ஊருக்கு எல்லாரும் வார கடைசிலதான் வருவாங்க." சின்னவள் திரையில் விரலை நகர்த்திக்கொண்டே போனாள். "இருங்க, ஒண்ணு இருக்கு. அஞ்சாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வாடகை மூணு மடங்கு."

"மூணு மடங்கா?" என்றார் அவர்.

"படத்தைக் காட்டு," என்றாள் அக்கா, பழக்கதோஷம். எட்டிப் பார்த்தாள். "விரிப்புல கறை இருக்கு பாரு, ஓரத்துல."

"அம்மா! இப்ப கறையா முக்கியம்?"

"சரி, போடு போடு," என்றார் கடிகாரம்.

சின்னவள் அழுத்தினாள். திரை சுற்றியது. சுற்றி முடிந்ததும் அவள் முகம் சுண்டிப்போனது. "போச்சு. நாம பேசிட்டிருந்த நேரத்துல வேற யாரோ எடுத்துட்டாங்க."

ஃபிரிட்ஜ் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, அதன் கதவில் அந்த அழகான அட்டவணையோடு.

"ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்துக்கலாம். ஒரு ராத்திரிதானே," என்றார் அவர்.

"ராத்திரி பூட்டிடுவாங்கப்பா. அங்க எல்லாம் அப்படித்தான், போட்டிருக்கு."

"அப்போ..." அவர் பேனா மூடியை மூடினார். "ஒண்ணு செய்யலாம். நீங்க ரெண்டு பேரு போங்க. பொம்பளைங்க ரெண்டு பேருக்குன்னா எப்படியாவது இடம் கெடைச்சுடும். சின்னவளுக்கு என் டிக்கெட்ட மாத்த முடியுமான்னு..."

"மாத்த முடியாது," என்றாள் சின்னவள்.

"அப்ப நீ தனியா போ," என்றார் பெண்டாட்டியைப் பார்த்து. "எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

அக்கா கையிலிருந்த துவாலையைச் சூட்கேஸில் எறிந்தாள். அவள் இத்தனை நேரம் பயந்துகொண்டிருந்தது அறைக்காக அல்ல. இந்த வார்த்தைக்காகத்தான். பெரியவளும் ஐந்து வருஷமாக இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிறுகூட, "கல்யாணத்தன்னிக்குக் காலைலதான் வர்றீங்களா? கடைசி நிமிஷத்துல அப்பா வரலைன்னு சொல்லிடுவாராம்மா?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்று அக்கா அடித்துச் சொன்னாள்.

"இடம் இல்லாமலா போச்சு?" என்றாள் அக்கா. "அந்த ஊர்ல நம்ம பொண்ணு வீடுன்னு ஒண்ணு இருக்கு. அதை மட்டும் இவ்வளவு நேரமா மூணு பேரும் சொல்லாம இருக்கோம்."

"அவதான் ஹோட்டல்ல தங்கச் சொன்னாளே."

"நாம கேக்காமலே சொன்னா. நாம கேட்டாச் சொல்லுவாளா?"

"அப்ப நீ கேளு. உங்கிட்டதானே பேசுவா."

"மாட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் அதிகம் கேட்டதில்லை.

"அஞ்சு வருஷமா நடுவுல நின்னு நான்தான் பேசுறேன். உங்களுக்கு அவ நல்லா இருக்கான்னு சொல்லணும், அவளுக்கு நீங்க கோவமா இல்லன்னு சொல்லணும். ரெண்டு பக்கமும் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டு போச்சுங்க. வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னது நீங்க. இப்ப அவ வாசப்படிய மிதிக்கணும்னா, நீங்கதான் கேக்கணும்."

சின்னவள் மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

கடிகாரத்தின் முகம் கறுத்துப்போயிருந்தது. எழுந்து உள்ளே போய்விடுவார், கதவைச் சாத்திக்கொள்வார், கதை முடிந்தது என்று அக்கா மனத்தைத் தயார்படுத்திக்கொண்டாள். கம்மலைச் சூட்கேஸிலிருந்து எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"வாசல்ல போய் நின்னிருக்கலாம் அன்னிக்கு," என்றார் அவர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். திரும்பிப் பாத்தா. நான் திரைய இழுத்து விட்டுட்டேன்."

அக்காவுக்கு இது புதுச் செய்தி.

"போனக் குடு," என்றார்.

"நம்பர் சொல்லட்டுமா?" என்றாள் அக்கா.

அவர் எண்ணை அழுத்த ஆரம்பித்துவிட்டார். நாட்டு எண்ணோடு சேர்த்துப் பன்னிரண்டு, பதிமூன்று இலக்கம் இருக்கும். தாளைப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. விரல் தானாகப் போட்டது. சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பார், எத்தனை முறை மணி அடிக்கும் முன் வைத்திருப்பார் என்று அவள் எண்ணம் ஓடியது.

ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். அங்கே மதியம். கல்யாணத்துக்காக லீவில் இருக்கிறாள், வீட்டில்தான் இருப்பாள். ஒருமுறை அடித்தது. இரண்டு. மூன்று. ஐந்தாவது மணியில் எடுக்கப்பட்டது.

"ஆலோ?"

பெரியவள் குரல் இல்லை. மெல்லிசான, கொஞ்சம் மூச்சு வாங்குகிற குரல். ஓடிவந்து எடுத்த குரல். அடுத்து பிரெஞ்சில் ஏதோ கேட்டது.

கடிகாரம் போனையே முறைத்துப் பார்த்தார். தப்பான எண் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு தொண்டையைச் செருமினார். "ஹலோ... நான்... அம்மாடி இருக்காளா?" என்றார். அவருக்குப் பெரியவள் சின்ன வயதிலிருந்தே அம்மாடிதான்.

அந்தக் குரல் தமிழுக்கு மாறியது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தது.

"அம்மா குளிக்கிறாங்க. நீங்க யாரு?"

சின்னவளின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அக்கா அப்படியே சூட்கேஸின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வயது இருக்கும். நாலேகால். ஆயிரம் குழந்தைகளின் துணியை வெளுத்தவளுக்கு அந்தக் குரலின் வயதைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் அந்த மத்தியானம், சாப்பிட முடியாமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ரெண்டு விஷயம் சொல்லணும்பா" என்று உட்கார்ந்திருந்தாளே. இரண்டாவது விஷயம் இதுதான். வீட்டில் இடமில்லை என்று சொன்னதும், தெருவில் நின்றே பேசியதும் இதனால்தான்.

"நீங்க சனிக்கிழமை வர்ற தாத்தாவா?" என்றது குரல்.

அக்கா கடிகாரத்தின் தோளைத் தொட்டாள், பேசுங்க என்பதுபோல.

"ஆமா," என்றார். "ஆமா கண்ணு. ஆனா சனிக்கிழமை இல்ல. தாத்தா தப்பா எழுதிட்டேன். நாளைக்கே வர்றேன்."

"நாளைக்கு?" குரல் உடனே கவலைப்பட்டது. "ஆனா சனிக்கிழமை நான் பக்கத்து வீட்டுல இருக்கணும். நீங்க என்னைப் பாக்கக் கூடாது. அம்மா சொன்னாங்க, முதல்ல தாத்தா சிரிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு."

தூரத்தில் ஒரு கதவு திறந்தது. ஈரக் காலில் யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம் மேசைமேல் கேட்டது.

"யார்கிட்ட பேசுற? போனக் குடு, போனக் குடுன்னு சொல்றேன்ல... ஹலோ? அம்மாவா?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கு அது, இன்று ஒருநாள் அவள் நடுவில் நிற்கப் போவதில்லை.

கடிகாரம் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நான்தாம்மாடி," என்றார். "வெள்ளி ராத்திரி எனக்குப் படுக்க இடம் இல்ல."

அந்தப் பக்கம் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது, அதன் பின்னால் குழந்தை ஏதோ கேட்பதும் கேட்டது. சுவரில் மணி ஐந்து பத்து. அக்காவும் சின்னவளும் பார்த்தார்கள், அவர் ஒருவர்தான் அதைப் பார்க்கவில்லை.